பால்மைரா செவன் இன்னும் இறங்கவில்லை

சிரிக்கிறாள். கதவைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு உள்ளே சிரிக்கிறாள், நான் ஹாலில் பேப்பரை விரித்துப்போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லைதான், ஆனால் ஆறு வருஷம் அந்த நாற்காலியில் நானும்தான் உட்கார்ந்தேன், ஒரு நாள் சிரித்திருப்பேனா, விமானங்களுக்கு வழி சொல்கிற இடத்தில் என்ன சிரிப்பு. நிஜ விமானம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன், எல்லாம் கம்ப்யூட்டரில்தான். உலகம் முழுக்க அவரவர் வீட்டில் உட்கார்ந்து சிலர் விமானம் ஓட்டுகிறார்கள், சிலர் அவர்களுக்கு ஏறு, இறங்கு, திரும்பு, நில் என்று சொல்கிறார்கள். விளையாட்டுதான். ஆனால் வரைபடம் நிஜம், ஓடுபாதை நிஜம், காற்றடிக்கும் திசைகூட அந்தந்த நேரத்து நிஜம், பரீட்சை எழுதிப் பாஸானால்தான் உட்காரவே விடுவார்கள். திருச்சிக்கு வழி சொல்கிற ஆள் நான். திருச்சி என்றாலே அமலதாஸ் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தது. என் மனைவி ரெஜினா உட்கார ஆரம்பிக்கும் வரைக்கும். இதோ மறுபடியும் சிரிக்கிறாள், யாரோ என்னவோ சொல்லியிருக்கிறான், என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்காது, ஹெட்போன் அவள் காதில் இருக்கிறது. எனக்கு வருவது அவள் பேசுகிற பாதி மட்டும்தான். மறு பாதியை நானே போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும், அதில்தான் ஞாயிற்றுக்கிழமை முழுசும் போய்விடுகிறது.

அவள் பாதியை வைத்து மறு பாதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை என்பதுதான் இன்னும் கொடுமை. ஏனென்றால் இந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு, நாம் என்ன சொன்னாலும் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலாயிரம் அடிக்கு இறங்கு என்றால், நாலாயிரம் அடிக்கு இறங்குகிறேன் என்று ஒரு எண் பிசகாமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சரி என்று நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்போதுதான் கேட்டதாக அர்த்தம். நான் இந்த விளையாட்டில் விழுந்ததே இந்த வழக்கத்தால்தான், ஏரோப்ளேன் ஆசையால் எல்லாம் இல்லை. வேலை பார்க்கிற மருந்து மொத்தக்கடைக் கிடங்கில் நான் சொல்வதை எவன் திருப்பிச் சொல்கிறான்? வெயில்ல வைக்காதப்பா அந்தப் பெட்டிய என்று மூன்று தடவை சொன்னாலும் சரி சார் என்று சொல்லிவிட்டு வெயிலில்தான் வைப்பான். மகள் ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னாலும் இதே கதைதான், பாதி சொல்லும்போதே ம் என்பாள். இங்கே மட்டும்தான் முன்பின் தெரியாத ஒருவன், டாக்டரோ வக்கீலோ, நான் சொன்னதை மந்திரம் மாதிரித் திரும்பச் சொன்னான். முதல் நாள் ராஜா மாதிரி இருந்தது. ரெஜினா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்டாள், "அவரு ஏங்க நீங்க சொன்னதையே சொல்றாரு?" விளக்கினேன். "வீட்டுல இந்தச் சட்டம் கெடையாதா?" என்றாள். நான் சிரித்தேன். அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆகவே இப்போது உள்ளே "பால்மைரா செவன்" என்று ஒரு விமானத்தை அவள் கூப்பிட்டு, அடி சொல்லி, திசை சொல்லி நிறுத்தினால், அந்த அமைதிக்குள் அவன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். அவள் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள், அதே வரிசையில். பதினெட்டு வருஷத்தில் நான் அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை முழுசாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், பூண்டு நகத்துக்குள் ஏறி எரிகிறது, ஞாபகம் வரவில்லை. சரி, சொல்லவில்லை, எந்தப் புருஷன் சொல்கிறான்? பக்கத்து வீட்டில் டிவி அலறுகிறது. மேலே நிஜ விமானம் ஒன்று வீட்டை ஆட்டிக்கொண்டு போகிறது. வயர்லெஸ் ரோட்டில் குடியிருப்பவனுக்கு அது பழகிப்போன சத்தம், தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் உள்ளே அவள் குரல் ஒரு நூல் தாழ்ந்தால் போதும், கை நின்றுவிடுகிறது. அவளுக்கு வீட்டுக் குரல் ஒன்று உண்டு, மொட்டைமாடியிலிருந்து கீழே தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்கிற குரல். பள்ளிக்கூடத்துக் குரல் ஒன்று, எல்கேஜி பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது. இது மூன்றாவது குரல். மெல்லிசாக, அவசரமே இல்லாமல், எதிரில் இருப்பவன் பயந்திருந்தால்கூடத் தெளிந்துவிடுகிற மாதிரி. கல்யாணமான புதிதில் இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். எங்கே போயிற்று என்று தேடியதில்லை, இருந்த இடம் இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் நடந்ததுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அந்த பால்மைரா செவன் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வருகிற சின்ன விமானம், ஞாயிறுதோறும் மூன்றரை மணி வாக்கில் வந்து நாலுக்குள் இறங்கிவிடும். இறங்கி, ஓரமாக நிறுத்தியதும் அவள் தமிழில் கேட்டாள், "சாப்பிட்டீங்களா?" என்று. நான் அப்போது கதவருகில் மொபைல் சார்ஜர் தேடுகிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். சாப்பிட்டீங்களாவா? வேலை எல்லாம் முடிந்த பிறகு ரெண்டு வார்த்தை பேசுவது உண்டுதான், எல்லோரும் பேசுவார்கள், வணக்கம், நன்றி, அடுத்த வாரம் பார்ப்போம். அதில் சாப்பாடு எங்கே வந்தது? அதற்கு அவன் என்ன சொன்னான்? எதையும் திருப்பிச் சொல்லிப் பழகினவன், சாப்பிட்டீங்களா என்று அவளையே திருப்பிக் கேட்டிருப்பான். அவள் "ஆச்சு, மீன் கொழம்பு" என்றாள். எங்கள் வீட்டு மீன் குழம்பு. நான் போய் வரிசையில் நின்று வாங்கிவந்த மீன். அன்றைக்கு ராத்திரி அவனைக் குழுவில் தேடிப் பார்த்தேன், பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பனைமரம். மரத்தை வைத்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? நானே ஒரு ஆளைச் செய்துகொண்டேன். உயரம், அளவாக வெட்டிய தாடி, டொராண்டோவிலோ லண்டனிலோ பெரிய வேலை, மனைவியோடு ஒத்துவரவில்லை, தனியாக இருக்கிறான், புத்தகம் படிக்கிறான். எதற்குப் புத்தகம் எல்லாம் படிக்கவைத்தேன் என்று தெரியவில்லை. நான் படிப்பதில்லை, அதனால்தான் இருக்கும்.

உண்மையைச் சொன்னால் அவன் பெரிய பயம் இல்லை. அவனைப் பற்றிப் பொறாமைப்படுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, ஆம்பளைக்கு ஏற்ற பொறாமை அது. பெரிய பயம் நாலு மணி. நாலு மணிக்கு அவள் எழுந்து நான் உட்கார வேண்டும், அதுதான் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு, நான் போட்ட ஏற்பாடுதான். மூன்று வாரமாக நான் உட்கார்ந்ததும் வானம் காலியாகிறது. முதல் வாரம் டீ குடிக்கிற நேரம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் கிரிக்கெட் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒருவன் திருச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தவன், என் குரலைக் கேட்டதும் மன்னிக்கணும், கொச்சிக்குப் போய்க்கொள்கிறேன் என்று திரும்பிப் போய்விட்டான். திரையில் அவன் புள்ளி விலகி விலகி ஓரத்துக்குப் போய் மறைந்ததை நான் கடைசிவரைக்கும் பார்த்தேன். நான் என்ன செய்துவிட்டேன்? வார்த்தை தப்பினால் திருத்துவேன். ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் மறுபடி சொல்லு என்பேன், மறுபடி, மறுபடி, சரியாக வரும்வரை. அதுதானே முறை? ஒரு காலேஜ் பையன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான், அதற்கு நான் என்ன செய்வது, நிஜத்தில் என்றால் நூற்றைம்பது பேர் செத்திருப்பார்கள். அவளும்தான் திருத்துகிறாள். ஆனால் எல்கேஜி டீச்சர் திருத்துகிற மாதிரி, திருத்தினதே தெரியாமல் திருத்துகிறாள், அவன்களும் அடுத்த வாரம் ஊரையே கூட்டிக்கொண்டு வருகிறான்கள். சொல்லிக்கொடுத்தது நான். கையைப் பிடித்து, எந்தப் புள்ளி யார், எந்தக் கோடு எது என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். நான் மூன்றாவது தடவை பாஸான பரீட்சையை அவள் முதல் தடவையே பாஸானாள். ரவா லட்டு பிடித்தாள் அன்றைக்கு. என்னால் ஒன்றுக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

மூன்றே முக்கால். அவள் குரலில் வேகம் கூடியிருக்கிறது, ஆனால் அந்த மெல்லிசு அப்படியே இருக்கிறது, அதை எங்கே வைத்திருக்கிறாளோ. பெங்களூரிலிருந்து ஒருவன், சென்னையிலிருந்து ஒருவன், கிளம்ப நிற்கிறவன் ஒருவன். "பால்மைரா செவன்" என்கிறாள். காது அங்கேயே போய்விடுகிறது. காத்திருக்கச் சொல்கிறாள். முன்னால் ரெண்டு பேர் இறங்க வேண்டும், அதுவரை அதே உயரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிரு என்கிறாள். அவன் திருப்பிச் சொல்கிறான், அவள் சரி என்கிறாள். அவனை எதற்குக் காக்கவைக்கிறாள்? எப்போதும் அவனை நாலுக்குள் இறக்கிவிடுவாளே? அதிகம் பேசலாம் என்றா? இல்லை, இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், பூண்டுப் பற்களை விரித்த பேப்பரில் விமானமாக வைத்துப் பார்க்கிறேன், இது பெங்களூர், இது சென்னை, இது அவன். அவள் செய்வதுதான் சரி. எப்படி நகர்த்தினாலும் வேறு வழி இல்லை. அவன் இன்று தாமதமாக வந்திருக்கிறான், எதிர்க்காற்றாக இருக்கும். அப்படியானால் நாலு மணிக்கு அவன் மேலேதான் இருப்பான். என் கைக்கு வருவான். உடம்பில் சூடாக ஒன்று ஏறுகிறது, சந்தோஷம்தான், நல்ல சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவன் என் வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவளிடம் சொன்ன அதே பணிவோடு என்னிடம் சொல்ல வேண்டும். ஒரு எண் தப்பட்டும், மறுபடி சொல்லு என்கிறேன். அப்புறம் உடனே வேறொன்று தோன்றுகிறது. என் குரலைக் கேட்டதும் அவனும் போய்விட்டால்? விமானத்தை அப்படியே ஆகாயத்தில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போகலாம், விளையாட்டுதானே, யார் கேட்பது? பிறகு நான் மட்டும் அந்தத் திரை முன்னால். ரெஜினா பின்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல், யாரும் இல்லையா என்றுகூடக் கேட்காமல் போவாள் பாருங்கள், போன மூன்று வாரமும் போன மாதிரி. அவள் கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

"ஏங்க, வாங்க." எழுந்தேன். கை கழுவியும் பூண்டு வாசனை போகவில்லை. மகளின் அறை, சுவரில் அவள் ஒட்டிய நட்சத்திரங்கள், நடுவில் திரை. ரெஜினா எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றபடியே சொன்னாள், எழுகிறவர் உட்காருகிறவரிடம் சொல்ல வேண்டிய வழக்கப்படி. "பெங்களூர்க்காரர் எறங்கப் போறாரு, அனுமதி குடுத்தாச்சு. அவருக்குப் பின்னாடி சென்னைக்காரர். கீழ ஒருத்தர் கெளம்ப நிக்கிறாரு. பால்மைரா செவன் நாலாயிரத்துல சுத்திக்கிட்டிருக்காரு, ரொம்ப நேரமாச்சு, சென்னை எறங்குனதும் அவரக் கூப்பிட்டுருங்க." தெரியுது என்றேன். அவள் நகரவில்லை. ஹெட்போனைக் கையிலேயே வைத்திருந்தாள். "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். அதுவும் வழக்கம்தான், கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் பொறுப்பு கைமாறும், இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, வேலை முகம். பெங்களூர், அனுமதி ஆச்சு. சென்னை அடுத்தது. கீழே ஒருவர். பால்மைரா செவன் நாலாயிரம், சென்னை இறங்கியதும். "சரி" என்று ஹெட்போனைத் தந்துவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள். காதுமெத்தை இன்னும் சூடாக இருந்தது.

பெங்களூர் இறங்கினார், நன்றி சொன்னார், புள்ளி அணைந்தது. சென்னை இறங்கினார், நன்றி, அணைந்தது. கிளம்ப நின்றவனை மேலே ஏற்றி அடுத்த ஊர்க்காரரிடம் ஒப்படைத்தேன், மரியாதையாகப் போனான். எல்லாம் பத்து நிமிஷம். புதிதாக ஒருவரும் வரவில்லை. பால்மைரா செவன் மட்டும் தென்கிழக்கில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் பேசுவதற்கென்று ஒரு மிதி வைத்திருக்கிறேன், மிதித்தால் நம் குரல் போகும், விட்டால் அவர்கள் குரல் வரும். மிதித்து அவனைக் கூப்பிட்டேன். இறங்க வா என்றுதான் சொல்ல வந்தேன். இன்னொரு சுற்று காத்திருக்கவும் என்று வந்துவிட்டது. அவன் திருப்பிச் சொன்னான். நான் செய்துவைத்த ஆள் இல்லை அவன். வயதான குரல், மூக்கடைத்த மாதிரி, ஜலதோஷம் போல. ஆனால் என்ன ஒரு துல்லியம், ஒரு எண் பிசகவில்லை, ஒரு சொல் முன்னே பின்னே இல்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது. அடுத்த சுற்று முடிந்ததும் காரணம் சொல்ல வேண்டுமே என்று, ஓடுபாதையில் நாய் நிற்கிறது, காத்திருக்கவும் என்றேன். இந்தக் கம்ப்யூட்டரில் நாயே கிடையாது என்று அவனுக்கும் தெரியும். ஓடுபாதையில் நாய், காத்திருக்கிறேன் என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னான். சரி என்றேன். புள்ளி திரும்பிற்று. நான் சொன்னதால் திரும்பிற்று. மூன்றாவது சுற்றுக்கும் அந்த நாயே போதுமா, ஆடு ஏதாவது கொண்டுவரலாமா என்று யோசித்து மிதியில் காலை வைத்தபோது ரெஜினா டீயோடு பின்னால் வந்து நின்றாள்.

திரையைப் பார்த்தாள். ஒரு கண் பார்வை போதும் அவளுக்கு. "ஏங்க, யாருமே இல்லையே. அவர எதுக்குச் சுத்த விட்டிருக்கீங்க?" என்றாள். பதில் தயாராக இருந்தது, காற்று, ஓடுபாதை, நாய், எல்லாமே இருந்தது. "எறக்கி விட்டா போயிருவாருடி" என்றேன். அப்படி ஒரு குரல் எனக்கு உண்டு என்று எனக்கே தெரியாது. என்னைப் பார்த்தாள், குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். "கால எடுங்க" என்றாள் மெதுவாக. மிதி முழுக்க அமுங்கியிருந்தது. திரையின் மூலையில், நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உலகத்துக்கே சொல்கிற பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலை எடுத்தேன். அணைந்தது. காது இரண்டிலும் வெறும் இரைச்சல். போய்விடுவான், இதைக் கேட்ட எவனும் போய்விடுவான், நாளைக்குக் குழு முழுக்கச் சிரிக்கும். புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வட்டத்தின் முனைக்கு வந்து, நின்ற மாதிரி இருந்து, மறுபடி திரும்பியது. பிறகு குரல் வந்தது, தமிழில், அந்த மூக்கடைத்த குரல். "நான் போகமாட்டன் அண்ணை. எண்ணெய் கிடக்கு. இன்னும் ரெண்டு சுத்து வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

மிதியை மிதிக்கவே எனக்குத் தோன்றவில்லை. டீயைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரெஜினா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், என்னவோ அங்கே மாறியிருக்க வேண்டும். "என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள். ஹெட்போன் என் காதில் இருந்தது. இரண்டாவது தடவையும் கேட்டாள், "சொல்லுங்களேன், என்ன சொன்னாரு?" ஒன்றுமில்லை என்றேன். அதை மட்டும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.